முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

பாபு,

நான் வாயால் சொல்வது எதுவும் உன் காதில் ஏறுவதில்லை. எழுத்தில் இருந்தால்தான் நம்புகிறாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. பேத்தி தீபா ஒற்றுப் பிழைகளைத் திருத்தித் தந்தாள், விஷயத்தில் அவளைக் கைவைக்க விடவில்லை. எழுதி முடித்ததும் இதை உறையில் போட்டு உன் தலையணைக்கு அடியில் வைக்கப் போவதில்லை, தெருக் கதவில் ஒட்டப் போகிறேன். நாளை சாயங்காலம் நீ பெங்களூருவிலிருந்து வந்து இறங்குவதற்குள் நாலு பேராவது இதைப் படித்திருப்பார்கள். படிக்கட்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு வார்த்தை சொன்னேன். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில், ஷிஃப்டுக்குக் காத்திருந்த இருபது பேர் நடுவில் நின்று சொன்னேன். சொன்னது ஊருக்கு நடுவில், திரும்ப எடுத்துக்கொள்வது மட்டும் அடுப்படியில் என்றால் அது நியாயமில்லை.

அதற்கு முன்னால் உன்மேல் இருக்கிற கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது கையில் வராது. வியாழக்கிழமை காலையில் நீ கிளம்பினாயே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மூன்று நாள் முகாம், தொழில் தொடங்குகிறவர்களுக்கு. இது உனக்கு மூன்றாவது முகாம். உன் பெண்டாட்டி சுமதி அப்போதுதான் மூன்றாம் ஷிஃப்டு முடித்து, சுங்குவார்சத்திரத்திலிருந்து வந்து, கம்பெனி ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. "இன்னாங்க, போன கேம்ப்ல சொன்னதையே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள இன்னொண்ணா?" என்றாள். நீ பையில் மூன்று புத்தகத்தை அடுக்கிக்கொண்டே, "அது மைண்ட்செட் சுமதி, இது ஆக்‌ஷன். வேற லெவல்" என்றாய். "ஆக்‌ஷனை வூட்டுலயே பண்லாமே. சிலிண்டர் தீந்து போச்சி, போய் எத்தினு வாங்க" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். நீ என்னைப் பார்த்து, "பாத்தியாம்மா, இதான் நெகட்டிவ் எனர்ஜி. இந்த வூட்டுல இருந்துகினு ஒருத்தன் எப்டி மேல வர்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாய். சிலிண்டரை அந்தப் பெண்தான் எதிர்வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போய் எடுத்து வந்தாள், தூங்காமல். அவள் உழைப்பில் ஓடுகிற வீட்டில் அவளையே நெகட்டிவ் என்கிறாய். எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது அது? பக்கம் எத்தனை?

ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் நீ. சொந்தமாகத் தொழில் தொடங்குகிறேன் என்று வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் யாருடைய லோடு வண்டியையோ ஓட்டுகிறாய், மிச்ச நாள் படிக்கிறாய். படிப்பதை நான் குறை சொல்லவில்லை. எனக்குக் கிடைக்காதது அது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கண்ணாடி முன்னால் நின்று, "நான் வெற்றியாளன், நான் வெற்றியாளன்" என்று சத்தமாகச் சொல்கிறாயே, அந்த நேரத்தில் தீபா புரண்டு படுத்துக் காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறாயா? அடுப்படிச் சுவரில் மஞ்சள் சீட்டு, பீரோவில் மஞ்சள் சீட்டு, என் மாவு கிரைண்டர் மேல்கூட "இன்றே செய்" என்று ஒரு சீட்டு. நான் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அரிசியும் உளுந்தும் சீட்டைப் பார்த்தா அரைபடுகிறது?

போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தகப்பனார் என்ன தொழில் என்று ஒரு கோடு. தீபா அதில் "படிக்கிறார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். டீச்சர் கூப்பிட்டு, "உங்கப்பா இன்னுமா படிக்கிறாரு?" என்று கேட்க, வகுப்பே சிரித்ததாம். வந்து என்னிடம் சொன்னாள். "ஆயா, நான் பொய்யா எழுதினேன்? டிரைவர்னு எழுதினா அப்பாவுக்குக் கோவம் வரும். முதலாளின்னு எழுதினா பொய்யாய்டும். வேற இன்னாதான் எழுதறது?" எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்கிற அந்தக் கணக்கு நம் இருவருக்கும் இல்லை பாபு. அவள் வகுப்பில் முதல் மார்க், தெரியும்தானே? தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ வண்டிக்குப் போகிற நாட்களில் உன் புத்தகங்களை நானும் படித்திருக்கிறேன், தமிழில் இருப்பவற்றை மட்டும். வரிக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவேன். ஒரு அத்தியாயத்துக்கு மூன்று நாள் பிடிக்கும். கெட்ட விஷயம் ஒன்றும் இல்லை, நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லாப் புத்தகத்திலும் ஒரு ஆள் வருகிறான். ஏழு தடவை தோற்றுப் போகிறான், எட்டாவது தடவை ஜெயிக்கிறான். நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடிப் பார்த்தேன். அந்த ஏழு தடவையும் அவன் வீட்டில் உலை வைத்தது யார், அவன் பிள்ளைக்கு யூனிஃபார்ம் எடுத்தது யார் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. அவனுக்கு ஒரு சுமதி இருந்திருப்பாள். அவள் பெயரை அச்சில் போட இடம் இல்லாமல் போய்விட்டது.

கோபம் இதோடு முடிந்தது என்று வைத்துக்கொள். இனி என் பக்கம்.

நீ கிளம்பிப் போன வியாழக்கிழமை மத்தியானம், நம் தெருமுனை லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் எஸ்தர் வீட்டுக்கு வந்தாள். அந்த ஹாஸ்டலில் நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். எல்லாம் தெற்கே இருந்து வந்து, சுமதி வேலை செய்கிற மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்குப் போகிற பிள்ளைகள். ஹாஸ்டலுக்குத் தண்ணி லாரி வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது. அவர்கள் கம்பெனியில் போட்டுக்கொள்ளும் யூனிஃபார்ம், அந்த வெள்ளைக் கோட்டைத் துவைக்கவும் முடிவதில்லை, மழைக்காலத்தில் காயவைக்கவும் இடமில்லை. கட்டில் கம்பியில் போட்டுக் காயவைத்து, நாற்றத்தோடு போட்டுக்கொண்டு போகிறார்கள். கறை இருந்தால் லைனுக்குள் விடமாட்டார்கள். போன வாரம் இரண்டு பெண்களை அப்படித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எஸ்தர் கேட்டாள்: "உங்க பாபு முன்ன ஒரு தபா வந்து கேட்டாரேம்மா, யூனிஃபார்ம் வாஷிங் எடுத்து செய்யட்டுமான்னு. அப்புறம் ஏன் வரவே இல்ல? இப்பவாவது செய்வாரா? திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ஒரகடத்துல ஒரு ஆளு கேட்டுகினே கீறாரு, நான்தான் ஒங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கேன்."

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். "கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். உனக்குப் போன் போட்டேன், முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் போல, எடுக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் உன் புத்தக அலமாரியைத் துடைக்கப் போனேன். கீழ்த்தட்டில் உன் முதல் புத்தகம் இருந்தது, வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் வாங்கினாயே, அட்டை கிழிந்த அது. நான் அதைப் படித்ததில்லை. திறந்தால் அதன் கடைசியில், அச்சு இல்லாத வெள்ளைப் பக்கத்தில், பென்சிலால் உன் கையெழுத்து.

நம் வீட்டுப் பின்பக்கத்தைப் படம் போட்டிருக்கிறாய். போர் குழாய் எங்கே, தொட்டி எங்கே, கயிறு எத்தனை வரிசை என்று எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு கலர் நூல், காலருக்கு உள்பக்கம் ஒரு தையல், கோட்டு மாறிப்போகாமல் இருக்க. "நூல்: அம்மாவின் தையல் பெட்டி" என்று எழுதியிருக்கிறாய். "எஸ்தர் அக்காவிடம் கேட்க வேண்டும்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக். கடைசியில் "மழைக்காலம்?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்து மற்ற புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அலமாரி முழுவதையும் காலி செய்துவிட்டேன். எல்லாவற்றிலும் அடிக்கோடு இருக்கிறது, இரண்டு கலரில் அடிக்கோடு, நட்சத்திரக் குறி. உன் வார்த்தை ஒன்றுகூட இல்லை. முதல் புத்தகத்துக்குப் பிறகு நீ எதையும் எழுதவே இல்லை. அடுத்தவன் எழுதியதற்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறாய்.

அது எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியும். வேலையை விட்ட பத்தாவது நாள் அது. சுமதியை ஷிஃப்டுக்கு ஏற்றிவிட நாம் இருவரும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தோம். நீ அன்றைக்கு ஒரே சந்தோஷம். "எம்மா, ஒரு ஐடியா கீது. ஹாஸ்டல் பொண்ணுங்க யூனிஃபார்மை நாமளே துவைச்சி அயர்ன் பண்ணிக் குடுக்கலாம். நம்ம வூட்டுல தண்ணி கீது, எடம் கீது" என்றாய். நான் என்ன சொன்னேன்? எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதற்குத்தான் இந்தக் கடிதம். "அடுத்தவ போட்ட துணியை அலசறதுக்கா உன்னை தண்டலத்துல டிப்ளமா படிக்க வெச்சேன்? ஊரான் அழுக்கைத் துவைக்க அதுக்குன்னு பொறந்தவங்க கீறாங்க. நாம அந்த ஆளுங்களா?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். யாரோ ஒருத்தன், "இன்னா பாபு, டோபி கம்பெனியா?" என்று சிரித்தான். நீ தலையைக் குனிந்துகொண்டாய். இஸ்திரி வண்டி பச்சையம்மா அங்கேதான் தன் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் பெட்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தாள், பிறகு தேய்த்தாள். நான் அன்றைக்கு அவளையும் சேர்த்துத்தான் வார்த்தையால் அடித்தேன், தெரிந்தேதான் அடித்தேன்.

ஏன் அப்படிக் கத்தினேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நீ டிப்ளமா படித்த மூன்று வருஷமும் நான் கம்பெனி ஆபீசில் வேலை பார்ப்பதாக உன்னிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா? ஆபீசில்தான் வேலை. அந்த ஆபீசின் கக்கூஸ் கழுவுகிற ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட். நீல நிறப் புடவை கொடுத்திருந்தார்கள், சாதாரணப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்வேன். வாரத்துக்கு ஒரு நாள் அதை வீட்டில் துவைத்து, கொடியில் முதலில் அதைப் போட்டு, அதன் மேல் உன் அப்பாவின் வேட்டியை விரித்து மறைத்துவிடுவேன். அடிப்பக்கம் சரியாகக் காயாது. ஈரத்தோடுதான் மறுநாள் கட்டிக்கொள்வேன், இடுப்பில் புண் வந்தது. அந்தப் புண்ணை உன் ஐடி கார்டு ஆற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீ முதல் நாள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தபோது, வாங்கி என் கழுத்தில் போட்டுப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வேலை போய், அந்தக் கார்டும் போய், நீ துணி துவைக்கிறேன் என்றதும் எனக்கு அந்த நீலப் புடவைதான் முன்னால் வந்தது. நான் மறைத்து வைத்ததை நீ ஊர் பார்க்கக் கொடியில் போடப் பார்க்கிறாய் என்று வெறி பிடித்துவிட்டது. என் வெட்கத்தை எடுத்து உன் தலையில் வைத்துவிட்டேன். அதன் பிறகு நீ ஒரு தொழிலைப் பற்றியும் என்னிடம் பேசவில்லை. புத்தகமாக வாங்கிக் குவிக்க ஆரம்பித்தாய். புத்தகம் உன்னைப் பார்த்துக் கத்தாது.

ஆகவே உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலமே ஹாஸ்டலுக்குப் போய் நாற்பது கோட்டையும் வாங்கி வந்துவிட்டேன். ஆளுக்கு இன்னொரு கோட்டு கையில் இருக்கிறது, திங்கட்கிழமை காலை முதல் ஷிஃப்டுக்கு முன்னால் இவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. கோட்டுகளை இறக்கி வைத்த பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தது. பாதிக் காலரில் ஏதோ பிசின் மாதிரி, எண்ணெய் மாதிரி கறை. சோப்பு போட்டால் பரவுகிறது. வேறு வழியில்லாமல் பச்சையம்மாவிடம் போய் நின்றேன்.

"வா, ஆபீசர் அம்மா," என்றாள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னா, இப்ப எங்க வேலைக்கு வந்துகினியா? எங்க பொறப்புல வந்து பொறந்துட்டியா?"

மூன்று வருஷமாக வைத்திருந்தாள் அதை. "தப்பா பேசிட்டேன் பச்சையம்மா. அன்னிக்கு உன் எதுக்க பேசினது தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கத்தான் வந்தேன், கறைக்கு மட்டும் வரல" என்றேன்.

"கறைக்கும்தான் வந்த."

"ஆமா, கறைக்கும்தான்."

அவள் தேய்த்த சட்டையை மடித்து வைத்தாள். பிறகு, "உன் பேத்தி ஸ்கூல்ல சாக்பீஸ் கெடைக்கும். பொடி பண்ணி கறை மேல தூவி, ரெண்டு மணி நேரம் வுட்டுடு. எண்ணெயை அது குடிச்சிக்கும். அப்புறம் தண்ணி ஊத்து. மொதல்லயே தண்ணிய ஊத்தினா அவ்ளோதான்" என்றாள். திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "அந்தப் புள்ள அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீதான் வுடல."

வெள்ளிக்கிழமை சுமதிக்கு வீக் ஆஃப். இரண்டு பேரும் சேர்ந்து துவைத்தோம். "அத்தே, டவலோட சேத்துப் போடாதீங்க, நூல் ஒட்டிச்சின்னா லைன்ல திட்டுவாங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ அந்தக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தபடியே ரூமுக்கு ஒரு கலர் நூல் தைத்தேன். தீபா கணக்கு எழுதிக்கொண்டாள். நீ படத்தில் பின்பக்கம்தான் கயிறு போட்டிருந்தாய். நான் தெருப் பக்கம் கட்டினேன். நாற்பது வெள்ளைக் கோட்டு, தெருவைப் பார்த்து. போனவர்கள் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "இன்னாம்மா, வூட்டை ஆஸ்பத்திரி பண்ணிட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். "எம் புள்ள கம்பெனி" என்றேன். சொன்ன பிறகுதான், உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. மறுபடியும் என் பெருமையை உன் தலையில் வைக்கிறேனோ என்று பயமாகவும் இருந்தது. அதனால் எஸ்தரிடம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் பேசியிருக்கிறேன். மாதா மாதம் செய்வதா வேண்டாமா என்று நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றாலும் நீயே போய்ச் சொல், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்குப் புத்தகத்திலிருந்து காரணம் கொண்டுவராதே. மூன்று வருஷமாகப் படித்ததில் உனக்கு ஒன்று தோன்றியது, அது உன் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் சொல்.

இன்று சனிக்கிழமை. நேற்றிலிருந்தே வெயில் இல்லை, மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கொடியில் பாதி காய்ந்தும் காயாமலும் இருந்ததை மூன்று பேரும் ஓடி ஓடி உள்ளே எடுத்துப் போட்டோம். கூடத்தில் ஜன்னல் கம்பியிலிருந்து உன் புத்தக அலமாரியின் மேல்தட்டு வரைக்கும் கயிறு கட்டியிருக்கிறேன். கனம் தாங்காமல் அலமாரி சாய்ந்தது. நான் இறக்கிவைத்த புத்தகங்களையெல்லாம் திரும்ப ஏற்றினேன், இப்போது அசையாமல் நிற்கிறது. மூன்று வருஷத்தில் அவை இந்த வீட்டுக்குச் செய்த முதல் உபகாரம். கோபித்துக்கொள்ளாதே, சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியே இன்னும் தூறுகிறது. இருபத்தொன்பது கோட்டு காய்ந்துவிட்டது. பச்சையம்மா தன் வண்டியை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, தாழ்வாரத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், நான் கூப்பிடவில்லை. மிச்சம் பதினொன்று ஈரமாகத் தொங்குகிறது. ஃபேன் போட்டும் காயவில்லை. பதினொரு பெண்கள் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸுக்கு அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

"மழைக்காலம்?" என்று எழுதி வைத்துவிட்டுப் போனாயே பாபு. எனக்கும் தெரியவில்லை, சுமதிக்கும் தெரியவில்லை. பச்சையம்மாவைக் கேட்டேன், "அதுக்கு உன் புள்ளதான் எதனா யோசிக்கணும், படிச்சவன் ஆச்சே" என்கிறாள், கிண்டலாக இல்லை. நாளை சாயங்காலம் வந்ததும் இந்தக் கடிதத்தைக் கதவிலிருந்து கிழித்துவிட்டு உள்ளே வா. முதல் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் திறந்தபடி கூடத்தில் வைத்திருக்கிறேன். பென்சில் சீவி வைத்திருக்கிறது.

உன் அம்மா